ஓடக்காரன் எழுந்தான்

நிழல்துறைக் கதையின் ஒன்பதாம் பாகம் அச்சுக்கு வந்த வாரத்தில் அச்சகத்துக் காவலாளிக்குத் திடீரென்று மவுசு கூடிவிட்டது. உள்ளே போகிறவர்கள் கைபேசியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். வெளியே வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். அதுவரை வணக்கம் சொன்னால்கூடத் திருப்பிச் சொல்லாத மனிதர், அந்த வாரம் முதலாளியின் சாப்பாட்டு டப்பாவையே மூடி கழற்றிப் பார்த்தார். கதையின் முடிவு ஒரு வரிகூட வெளியே கசியக் கூடாது என்பது பதிப்பாளரின் கறாரான உத்தரவு.

எட்டு பாகங்களாக ஊரையே கட்டிப்போட்டிருந்த கதை. ஏரிக்கரையில் ஓர் ஓடக்காரன். அவன் சின்னப் பையனாக இருந்தபோது மூடுபனி வந்து அவன் அம்மாவை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுகிறது. அவன் வளர்கிறான், பனியரசனோடு மல்லுக்கு நிற்கிறான், ஒரு கண்ணைப் பறிகொடுக்கிறான், கூட வந்த நண்பர்களைப் பறிகொடுக்கிறான். அம்மா வந்தால் வழி தெரியட்டும் என்று தினமும் ஜன்னலில் விளக்கு வைக்கிறான். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் அவள் வராமலே போகிறாள். வாசகர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த பாகத்துக்குக் காத்துக் கிடப்பார்கள். ஒன்பதாவதில் அவள் வந்து சேர்ந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியவருக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பைண்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டவரை அச்சகத்தில் எல்லோரும் பைண்டர் என்றே கூப்பிட்டார்கள். எட்டு பாகங்களும் அவர் கை பட்டு வெளியே போனவைதான். ஆனால் ஒரு வரி படித்ததில்லை. படிக்க அவசியமும் இல்லை. வீட்டில் மகள் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லியே கதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பனியரசன் எந்தப் பாகத்தில் எந்தக் குதிரையில் வந்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

அந்த முதல் பாகத்தை மகளுக்கு வாங்கிக் கொடுத்தது அவளுடைய அம்மா. இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் முட்டிக்கொண்டு படித்தார்கள். பாதிப் புத்தகத்தில் அம்மா வீட்டை விட்டுப் போனாள். பெரிய சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த வீட்டோடும் பைண்டரோடும் இருந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அதைப் பதினோரு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், தணிந்ததும் வந்துவிடுவாள் என்று பைண்டர் சொன்னார். மீதிப் பாதியை மகள் தனியாகப் படித்தாள். அதற்குப் பிறகு அது அவளுக்குக் கதையாக இருக்கவில்லை. யாரோ தன்னிடம் கொடுத்த வாக்காக ஆகிவிட்டது.

ஓடக்காரன் ஜன்னலில் விளக்கு வைத்தான் என்றால் இவள் வாசல் விளக்கைப் போட்டாள். பொழுது சாய்ந்ததும் போடுவாள், விடிந்துதான் அணைப்பாள். கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரர் முணுமுணுத்துப் பார்த்து ஓய்ந்துபோனார். காற்றோட்டமான வேறு வீடு கிடைத்தபோது வர மாட்டேன் என்று நின்றாள், அம்மாவுக்கு இந்த வீடுதானே தெரியும் என்றாள். போன வருடம் வெளியூர்க் கல்லூரியில் நல்ல படிப்புக்கு இடம் கிடைத்தது. அதையும் வேண்டாம் என்றாள். நானும் போய்விட்டால், அம்மா வந்தால் கதவை யார் திறப்பது என்று கேட்டாள். இந்த வருடமும் அதே கல்லூரி கூப்பிட்டிருந்தது. மூன்றாவது முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அம்மா வர மாட்டாள் என்று பைண்டருக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மடிப்பு இயந்திரம் விலைக்கு வருகிறது என்று பார்க்க வெளியூர் போனார். பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தார். இடுப்பில் ஒரு குழந்தை. கொஞ்சம் தள்ளி ஒருவர் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தார். அவளும் பைண்டரும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பேசினார்கள்.

"அவகிட்ட என்னைப் பார்த்ததா சொல்லாதீங்க. நான் வர மாட்டேன். வர்றவளா இருந்தா எப்பவோ வந்திருப்பேன்" என்றாள். பிறகு, "இப்ப எவ்வளவு உயரம் இருக்கா?" என்று கேட்டாள்.

பைண்டர் தன் தோளருகே கையை வைத்துக் காட்டினார். அவள் அந்தக் கையையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வழக்கம்போல, அம்மாவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள். இல்லை என்றார். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், காய்ச்சல் விடட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில், சொல்லக்கூடிய நாள் எதுவுமே மிஞ்சாமல் போயிற்று. கோழை என்று திட்டலாம்தான். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியவருக்குத்தான் தெரியும்.

புத்தகம் எப்படி உருவாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதற்கு ஃபாரம் என்று பெயர். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகில் தைத்து, அட்டைக்குள் உட்கார வைத்தால் புத்தகம். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் ஒன்பதாம் பாகத்தின் கடைசி ஃபாரத்தை எல்லாவற்றுக்கும் பின்னால் அச்சடித்தார்கள். அது மடிப்பு இயந்திரத்திலிருந்து விழுந்தபோது, பைண்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக நின்றபடியே படித்தார். மகளுக்காகத்தான். அம்மா வந்துவிட்டாளா என்று பார்த்துவிடலாமே.

வந்துவிட்டாள். கதவைத் தட்டுகிறாள். ஓடக்காரன் திறக்கிறான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. நீதானே ஓடக்காரன், வழி தவறி இந்தக் கரைக்கு வந்துவிட்டேன், அந்தப் பக்கம் எனக்கு வீடு இருக்கிறது, கொண்டுபோய் விட்டுவிடு என்கிறாள். அவன் தான் யார் என்று சொல்லவில்லை. ஓடத்தில் ஏற்றித் தானே துடுப்புப் போட்டு அவளை அந்தக் கரையில் இறக்கிவிடுகிறான். திரும்பி வந்து ஜன்னல் விளக்கை ஊதி அணைக்கிறான். முற்றும்.

இதை எழுதியவர் பேருந்து நிலையத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாரோ என்றுகூடப் பைண்டருக்குத் தோன்றியது. அதற்கு முந்திய ஃபாரத்தை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தார். 'கதவு தட்டப்பட்டது. ஓடக்காரன் எழுந்தான்.' அதோடு பக்கம் முடிந்திருந்தது. வாக்கியமும் முடிந்திருந்தது. யாரோ அவருக்காகவே வெட்டிக் கொடுத்தது போல அவ்வளவு சுத்தமாக முடிந்திருந்தது.

வெளியீட்டு நாளில் அச்சகத்தில் ஆளுக்கு ஒரு பிரதி கொடுப்பது வழக்கம். தன்னுடைய பிரதியைப் பைண்டர் கையாலேயே தைத்தார், மகள் படித்து நொறுங்கிப்போகக் கூடாதே என்று கடைசி ஃபாரம் இல்லாமல். அதை அப்படியே விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் அட்டை முழுப் புத்தகத்துக்கு அளவெடுத்துச் செய்தது. ஒரு ஃபாரம் குறைந்ததும் முதுகு தொளதொளவென்று நின்றது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவர் கையும் அந்த ஜாதிதான். தொளதொளத்த புத்தகத்தை அது வெளியே விடாது. அதே தாளில் ஒரு வெற்று ஃபாரத்தை மடித்து, கடைசியில் சேர்த்துத் தைத்தார். முதுகு கல்லுப் போல நின்றது. எடுத்த ஃபாரத்தைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். புத்தகம் கடைக்குப் போன பிறகு, காவலாளியின் மவுசு இறங்கிய ஒரு நாளில், வீட்டுக்குக் கொண்டுவந்து பரண்மேல் வைத்தார்.

மகள் ஒரு வாசகர் வட்டத்தில் இருந்தாள். புதுப் பாகம் வந்த வாரம் யாரும் யாரோடும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. கைபேசியை அணைத்து வைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் கூடித்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. அவள் அதை விரதம் மாதிரி கடைப்பிடிப்பவள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனவள், மறுநாள் சாயங்காலம் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. முகம் அவர் ரொம்ப நாளாகப் பார்க்காத முகமாக இருந்தது.

"அப்பா, முற்றும்னுகூடப் போடலைப்பா. அவன் எழுந்தான்னு நிறுத்திட்டு, மீதியை வெள்ளையா விட்டுட்டார். நம்மளையே எழுதிக்கச் சொல்றார். இப்படி ஒரு மனுஷன் இருப்பாரா?"

வெற்றுத் தாளை யாராவது படிப்பார்கள் என்று பைண்டருக்குத் தோன்றியதே இல்லை. தைக்கிறவருக்கு அது தடிமன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் எழுத உட்கார்ந்தாள். தன் கையெழுத்தில், கறுப்பு மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அந்த வெற்றுப் பக்கங்களில் ஓடக்காரனின் அம்மாவை வீட்டுக்குள் கூட்டிவந்தாள். புதன்கிழமை சாப்பிடும்போது, திங்கட்கிழமை சேர வேண்டிய கல்லூரிக்குப் போகப்போவதில்லை என்றாள். அவர் ஏன் என்று கேட்டார். "கதவைத் தட்டும்போது எழுந்திரிக்க ஆள் இருக்கணும்ல, அதான்பா கதையே" என்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவளைக் காப்பாற்ற நினைத்துச் செய்த காரியம் அவளை வாசற்படியோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டது.

இதற்குள் வெளியே முடிவைப் படித்துவிட்டு ஊர் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அச்சகத்தில் அந்தச் செய்தியெல்லாம் ரேடியோ மூலமாக வரும். ரேடியோ என்றால் மடிப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். வாய் ஓயாததால் அந்தப் பெயர். புத்தகக் கடைப் படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்து அழுததாகவும், கடைக்காரர் தண்ணீர் கொடுத்துவிட்டு அவரும் சேர்ந்து அழுததாகவும் சொன்னார். வங்கிக் காசாளர் ஒருவர், என் அப்பா செத்தபோதுகூட இவ்வளவு அழவில்லை என்று எழுதியிருந்தாராம். யாரோ ஆசிரியருக்கு உடைந்த துடுப்பு ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருந்தார்கள். இன்னொருவர், ஒன்பது பாகம் என்னைக் காக்க வைத்துவிட்டுக் கடைசியில் என் கையாலேயே துடுப்புப் போட வைத்துவிட்டாயே பாவி என்று பொங்கியிருந்தார். இதுதான் சரியான முடிவு என்று சொன்ன இரண்டு மூன்று பேருக்கு ஆசிரியரைவிட அதிகமாக வசை விழுந்தது.

வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்று கிளம்பியது. வாசகர்கள் பிளேடு வைத்துக் கடைசிப் பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு, எங்களுக்குக் கதை இத்தோடு முடிந்தது என்று படம் போட ஆரம்பித்தார்கள். ரேடியோ படங்களைக் காட்டினார். எல்லாப் படத்திலும் கடைசி வரி ஒன்றுதான். ஓடக்காரன் எழுந்தான். பைண்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஊரே செய்வதைத்தான் நானும் செய்திருக்கிறேன், கொஞ்சம் முன்கூட்டிச் செய்துவிட்டேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கியது.

ஞாயிறு காலை அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள். தலை வலிக்கிறது, இன்றைக்கு வீட்டில் இரேன் என்று பைண்டர் சொல்லிப் பார்த்தார். அவள் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அவர் மாத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் வந்தாள். கையில் இரண்டு புத்தகம். ஒன்று அவளுடையது, மற்றது தோழியிடம் கேட்டு வாங்கியது. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்தாள். நடந்ததை அழாமல் சொன்னாள். கூட்டத்தில் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள், சிலர் அழுதிருக்கிறார்கள். இவள் எழுந்து, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம், அவர் நம்மை நம்பி வெள்ளைத் தாள் கொடுத்திருக்கிறாரே என்று கேட்டிருக்கிறாள். தான் எழுதியதில் முதல் பக்கத்தை வாசித்தும் காட்டியிருக்கிறாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு பெண் தன் புத்தகத்தைத் திறந்து நீட்டியதும் யாரும் சிரிக்கவில்லை. பைண்டிங் கோளாறாக இருக்கும், அச்சகத்தில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

பைண்டரும் அந்தக் கொழுகொம்பையே பிடித்தார். ஆமாம், சில சமயம் ஒரு ஃபாரம் விட்டுப்போகும் என்றார்.

"விட்டுப்போனா முதுகு லூசா இருக்கும்னு நீதானே சொல்லியிருக்க. வெத்துத் தாள் தானா வந்து உக்காந்து தச்சுக்குமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் அந்தப் பக்கங்களை வெட்டித்தான் போட்டிருக்கிறார்கள் என்று முனகினார்.

"அவங்க படிச்சிட்டு வெட்டினாங்க. நீ என்னைப் படிக்கவே விடலை."

மேசைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். அவள் எங்கே வருகிறாள் என்று பைண்டருக்கு அவளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"வேற எதோட முடிவையெல்லாம் எடுத்து வச்சிருக்கப்பா?"

அவர் கை மேசைமேல் இருந்த புத்தகங்களை ஓரம் தட்டி நேராக்கியது.

"அம்மாவைப் பார்த்தியா?"

இல்லை என்று சொல்ல அவருக்கு இரண்டு வருடப் பழக்கம் இருந்தது. அன்றைக்கு நாக்கு புரளவில்லை. பார்த்தேன் என்றார். எங்கே, எப்போது, இடுப்பில் குழந்தை, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் தன் வாயிலிருந்து விழுவதை அவரே வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. அவள் ஒன்றைக்கூடத் தடுத்துக் கேட்கவில்லை.

"அப்ப போன வருஷம் நான் காலேஜ் வேண்டாம்னு சொன்னப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"வாசல் லைட்டுக்குப் போன மாசம் ஸ்டூல் போட்டு ஏறி நீதானே புது பல்பு மாட்டின."

அவர்தான் மாட்டினார். விலை கூடின பல்பு, நீண்ட நாள் உழைக்கும் என்று கடைக்காரர் சொன்னதை அவளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

என்னைப் பற்றி அம்மா ஏதாவது கேட்டாளா என்று மகள் கேட்டாள். எவ்வளவு உயரம் என்று கேட்டாள் என்றார். நீ என்ன சொன்னாய் என்று மகள் கேட்டாள். பைண்டர் தோளருகே கையை வைத்தார். அவள் எழுந்து வந்து அந்தக் கைக்குப் பக்கத்தில் நின்றாள். இப்போது அவர் காது வரை வளர்ந்திருந்தாள். கை அவள் தாடைக்குக் கீழே நின்றது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் தொடப் போனார்; அவள் விலகிக்கொண்டாள்.

"ஓடக்காரனுக்கு, அம்மா அடையாளம் கண்டுக்கலைன்னாலும் முகத்தைப் பார்க்கக் கிடைச்சுது. அவனே கொண்டுபோய் விட்டுட்டு வந்தான். எல்லாரும் அதுக்குத்தான் அங்க கத்தினாங்க. எனக்கு அதுகூட இல்லாம பண்ணிட்ட."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, எடுத்த ஃபாரம் எங்கே என்று கேட்டாள். எறிந்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் பரணிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் மேசையருகே நின்றபடியே முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, இதைப் புத்தகத்தில் வைத்துத் தைத்துக் கொடு என்றாள். அப்படியானால் நீ எழுதினதை வெளியே எடுக்க வேண்டியிருக்குமே என்றார் பைண்டர்.

"எடுத்துருங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவரை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மரியாதை இவ்வளவு வலிக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

வீட்டில் இருந்த ஊசியையும் நூலையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னட்டையின் உள்தாளைக் கீறி, தையலை நறுக்கி, அவள் கையெழுத்து நிறைந்த பக்கங்களை உருவினார். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது. 'அம்மா உள்ளே வந்ததும், விளக்கை இன்னும் அணைக்கலையா என்று கேட்டாள்.' பைண்டருக்குப் பார்வை மங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறினார். அவள் கைநீட்டி ஊசியை வாங்கி, நூலைக் கோத்து, திருப்பிக் கொடுத்தாள். அச்சடித்த ஃபாரத்தை வைத்து அவர் தைத்தார். உள்தாளை ஒட்டி, கனமான அகராதியை மேலே பாரமாக வைத்தார். எல்லாம் சரியாக உட்கார்ந்தது. உருவின பக்கங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பெட்டியோடு கிளம்பினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, நானும் கூட வந்து சேர்த்துவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம், தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றாள். எந்தக் கல்லூரிக்காக அவர் போன வருடத்திலிருந்து மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாரோ அதற்குத்தான் போகிறாள். பைண்டருக்குச் சந்தோஷம் வரவில்லை. விடுமுறைக்கு எப்போது வருவாய் என்று கேட்டார். பார்க்கலாம் என்றாள். அம்மாவைத் தேடிப் போகப்போகிறாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

"எனக்காக லைட் போட்டு வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

பைண்டர் அன்றைக்கும் வேலைக்குப் போனார். ஆசிரியர் முடிவை மாற்றி எழுதப்போவதாக ஒரு வதந்தி கிளம்பியிருக்கிறது, கையெழுத்து இயக்கமே நடக்கிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தார். பைண்டர் உம் கொட்டிக்கொண்டு ஃபாரம் அடுக்கினார். பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தார். மேசைமேல் அவள் எழுதிய பக்கங்கள் கிடந்தன. அவற்றை அடுக்கி, ஓரம் தட்டி, பரண்மேல் வைத்தார். பிறகு வாசலுக்கு வந்து விளக்கைப் போட்டார். நல்ல பல்புதான். இன்னும் ரொம்ப நாள் எரியும்.